வெள்ளை மருந்தும் மஞ்சள் களிம்பும்

கடல் ஊருக்குள் ஏறி வந்ததற்கு அடுத்த கோடையில், தார்ச் சீட்டுக் கொட்டகைகளில் என்னோடு இருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்போது நமக்கெல்லாம் பத்து, பதினொரு வயது. இப்போது உங்களில் பலருக்கு இடுப்பில் ஒன்றும் கையைப் பிடித்தபடி ஒன்றுமாகப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கும் ஏழு மாதத்தில் ஒருத்தி. அவளுக்கு விரலிடுக்கில் நாலைந்து சிறிய கொப்புளம் வந்ததால்தான் இதை எழுத நேர்ந்தது. இல்லையென்றால் எழுதியிருக்க மாட்டேன். பதினாலு வருடம் எழுதாமல்தானே இருந்தேன்.

கொட்டகைகள் நினைவிருக்கிறதா? மத்தியான வெயிலில் கறுப்புச் சீட்டு இளகி, தலைக்குமேல் தார் வாசனை கனத்துக் கிடக்கும். முதல் கொட்டகையில் பிள்ளை அழுதால் ஆறாவது கொட்டகையில் தூங்குகிற பிள்ளை எழுந்துவிடும். ஆளுக்கொரு மஞ்சள் வாளி, ஒரு பாய், ஒரு கம்பளி கொடுத்தார்கள். நம்மூர் வெக்கைக்குக் கம்பளி. யாரோ எங்கோ நல்ல மனசோடு அனுப்பியது. அம்மா அதை மடித்துத் தம்பிக்கு மெத்தையாகப் போட்டாள். கடல் சத்தம் கேட்காததால் பெரியவர்களுக்குத் தூக்கம் வரவில்லை. நமக்குச் சொறியால் வரவில்லை.

சொறி யாரிடமிருந்து தொடங்கியது என்று கடைசிவரை சண்டை நடந்தது. என் அம்மாவுக்கும் அடுத்த கொட்டகை மாமிக்கும் அதனால் நான்கு நாள் பேச்சில்லை. ஒரே பாயில் ஐந்து பேர் படுத்தால் யாரிடமிருந்து யாருக்கு வந்திருந்தால் என்ன? விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பில் பாவாடை நாடா அழுந்தும் இடம், அக்குள். சொறிந்து சொறிந்து சலம் வைத்து, பாவாடை ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் நம்மைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கணக்கு டீச்சர் நம் நோட்டுகளைக் கைக்குட்டையால் பிடித்துத் திறந்தது உங்களுக்கு மறந்திருக்காது. அந்த டீச்சரிடம் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவருக்கும் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்திருக்கலாம். நானும் இன்றைக்கு அப்படித்தான் செய்வேனோ என்று யோசிக்கிறேன்.

தம்பிக்கு அப்போது ஒன்பது மாதம். அவன் கை மடங்கியே இருக்கும். உள்ளங்கையைப் பிரித்தால் உள்ளே கொப்புளம். பாதத்திலும் கொப்புளம். சொறியத் தெரியாத வயது. அதனால் கம்பளியில் முதுகைத் தேய்த்துத் தேய்த்து அழுவான்.

நர்ஸம்மா வந்தது ஒரு சனிக்கிழமை. அம்மா தம்பியை விட்டு நகர முடியாததால் என்னைத்தான் வரிசையில் நிற்கச் சொல்லி அனுப்பினாள்.

"ஏட்டி, அவிய சொல்லுதத எல்லாம் நல்லா கேட்டோண்டு வா. நீதான் வீட்டுல படிக்கப்பட்டவ" என்றாள்.

அந்த வார்த்தைக்கு எவ்வளவு நெஞ்சு நிமிர்ந்தது எனக்கு! நர்ஸம்மா ஒரு ஸ்டூலில் ஏறி நின்று வெள்ளைக் குப்பியைத் தூக்கிக் காட்டினார்.

"எல்லாரும் கேளுங்க. இது சொறிப்பூச்சியக் கொல்லுத மருந்து. நல்ல மருந்து, ஆனா விஷமாக்கும். கழுத்துக்குக் கீழ மட்டும், ஒரே ஒரு தடவ. எட்டு மணி நேரம் கழிஞ்சு கழுவிரணும். குளிச்ச சூட்டோட போடக்கூடாது. எண்ண தேச்ச உடம்புல போடவே கூடாது. எண்ண இருந்தா மருந்து தோலுக்குள்ள எறங்கீரும்."

"எறங்குனாத்தானே நல்லது நர்ஸம்மா?" என்றாள் வரிசையில் நின்ற அடுத்த கொட்டகை மாமி. எல்லோரும் சிரித்தார்கள்.

"பூச்சி தோலுக்க மேலயாக்கும் இருக்கு. உள்ள எறங்குனா மூளைக்குப் போவும். ஒனக்கு அங்க போனாலும் மருந்துக்கு வேல ஒண்ணும் கெடையாது, பேசாம நில்லு."

இன்னும் பெரிய சிரிப்பு. மாமிதான் அதிகம் சிரித்தாள்.

"கைப்பிள்ளையளுக்கு இது தொடக்கூடாது. அதுக்கு இந்த மஞ்சக் களிம்பு. பால் குடுக்கிற அம்மமாரு மாருல தேய்க்காதிய. கழுவுற வரைக்கும் பிள்ளைய மேல போட்டுக்கிடாதிய. பாலப் பிழிஞ்சு வச்சு ஸ்பூன்ல குடுங்க."

"எட்டு மணி நேரம் பிள்ளைய எங்க வைக்க? ஒங்க தலையிலயா?" என்று யாரோ கேட்டார்கள். நர்ஸம்மா குப்பிகளைக் கொடுக்கத் தொடங்கினார்.

எல்லாவற்றையும் நான் அம்மாவிடம் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மறந்துபோய்ச் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அந்த வெள்ளை மருந்தின் நன்மையையும் சொல்ல வேண்டும். பெயின்டும் முகப் பவுடரும் கலந்ததுபோல ஒரு வாசனை. பூசியபோது சொறிந்த இடமெல்லாம் எரிந்தது. நானும் அப்பாவும் கையைக் காலை விரித்துக்கொண்டு, தொட்டால் ஒட்டிவிடும் பொம்மைகள் மாதிரி நின்றோம். கழுவிய பிறகு வந்த நாட்களில் எங்கள் கொட்டகை வரிசை முழுக்கத் தூங்கியது. மாசக் கணக்கில் தூங்காத பெண்கள் வாயைத் திறந்துகொண்டு பகலிலேயே தூங்கினார்கள். மாமியும் அம்மாவும் மறுபடி பேசிக்கொண்டார்கள். என் விரலிடுக்கு காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, புதுத் தோல் வந்தது. வீட்டுக்கொரு குப்பி மருந்து நம் எல்லோரையும் மனிதர்களாக்கிவிட்டது. அது பொய்யில்லை.

தம்பி மட்டும் அழுதுகொண்டிருந்தான்.

மஞ்சள் களிம்பு கந்தகம். தீப்பெட்டி வாசனை. ஒரு சிறிய தகர டப்பாவில் இருந்தது. கம்பளியெல்லாம் மஞ்சள் கறை. மூன்று நாள் பூசி முடித்தும் அவன் உடம்பைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தான். பூச்சி செத்த பிறகும் அரிப்பு இரண்டு மூன்று வாரம் இருக்கும், அது மருந்து பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, மறுபடி பூசத் தேவையில்லை. இன்றைக்கு இது எனக்குத் தெரியும். அன்றைக்கு நர்ஸம்மா அதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல நேரமிருந்திருக்காது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: பெரியவர்களுக்கு நல்ல மருந்து கொடுத்தார்கள், பேசத் தெரியாத தம்பிக்கு மட்டமான மருந்து கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தனி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அது புரியக்கூடிய அநியாயமாக இருந்தது.

குப்பியில் பாதி மிச்சமிருந்தது. மறுபடி வந்தால் உதவுமென்று அம்மா அதை மஞ்சள் வாளிக்குப் பின்னால், நிவாரணத்தில் வந்த தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். கோடை விடுமுறை. அம்மா மத்தியானம் தம்பியை வெந்நீரில் குளிப்பாட்டி, என்னிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் லாரி வரிசைக்குப் போவாள். திரும்பி வர ஒரு மணி நேரமாகும்.

குளித்த சூடு ஆறாத உடம்பு. எங்கள் வீட்டில் குளித்த பிள்ளைக்கு நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவாமல் விட மாட்டார்கள். நம் எல்லோர் வீட்டிலும் அப்படித்தான். எண்ணெய் என்றால் பிள்ளைக்கு நல்லது. வெள்ளை மருந்து எரியும் என்பது எனக்குத் தெரியும். எரிந்தால் அவன் அழுவான், அழுதால் மாமி வந்து பார்ப்பாள். அதனால் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, அதில் மருந்தைக் கலந்து, வெண்ணெய்போலக் குழைத்து, அவனுக்குத் தேய்த்தேன். எரியவில்லை. அவன் என் மூக்கைப் பிடித்துச் சிரித்தான். முதுகில், பிட்டத்தில், பாதத்தில், கன்னத்திலும் கொஞ்சம். நர்ஸம்மா சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் நர்ஸம்மா தம்பியைப் பார்த்ததில்லையே என்று நினைத்தேன்.

அம்மா வரும் முன் துணியால் துடைத்துவிட்டேன். அடுத்த நாளும் செய்தேன். அதற்கடுத்த நாளும்.

நான்காவது நாள் மத்தியானம், நான் குப்பியைத் திறக்கும் முன்பே, அவன் கண்கள் ஒரு பக்கமாகப் போய் நின்றன. கூப்பிட்டேன், பார்க்கவில்லை. இடது கை துள்ள ஆரம்பித்தது. பிறகு கால். பிறகு முழுவதும். வாயோரத்தில் பால் நுரை. நான் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. மாமிதான் முதலில் ஓடிவந்தாள். தன் பெட்டிச் சாவியை அவிழ்த்து அவன் கையில் திணித்தாள். இரும்பு பிடித்தால் நிற்கும் என்று நம்பிக்கை. சாவி தெறித்து விழுந்தது. அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் குடத்தைப் போட்டுவிட்டாள்.

"கடலுக்க பயம் பாலோட எறங்கீட்டு" என்றாள் மாமி. "அண்ணைக்கு நீ ஓடுன ஓட்டம் கொஞ்சமா?"

ஆட்டோவில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி போட்ட பிறகு துள்ளல் நின்றது. அவன் வாழைத்தண்டு மாதிரிக் குளிர்ந்து தூங்கினான். கண்ணாடி போட்ட டாக்டர், இளம் வயது, அம்மாவிடம் கேட்டார்.

"காய்ச்சல் இருந்ததா?"

"இல்ல டாக்டர்."

"குழந்தை எதையாவது குடிச்சானா? உடம்புல என்ன பூசுனீங்க?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தாள். "மஞ்சக் களிம்பு மட்டும் டாக்டர். வேற ஒண்ணும் இல்ல."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். அவர் என்னிடம் கேட்கவில்லை, சும்மா திரும்பினார். அந்த ஒரு நிமிடத்தில் நான் சொல்லியிருக்கலாம். என் பாவாடையில் அந்த மருந்து வாசனை அடித்துக்கொண்டிருந்தது. நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்தேன். முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். படிக்கப்பட்டவள்தானே.

டாக்டர் சீட்டில் எழுதினார். காரணம் தெரியாத வலிப்பு. காலையும் மாலையும் சிரப்.

அந்தச் சிவப்பு சிரப்பைத் தம்பி மூன்று வருடம் குடித்தான். குடித்தால் தூங்குவான். ஒன்றரை வயது தாண்டித்தான் நடந்தான். அது சிரப்பாலா, சொறி மருந்தாலா, இயல்பாகவே தாமதமா, எனக்குத் தெரியாது. இப்போது என் மகள் குப்புற விழுவதை நாள் எண்ணி எண்ணிப் பார்த்தபோதெல்லாம் அவன் முகம்தான் வந்தது. அவனுக்கு மறுபடி ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. சிரப்பினால்தான் வரவில்லை என்றார்கள். சிரப்பை நிறுத்திய பிறகும் வரவில்லை. குருசடியில் அம்மா ஏற்றிய மெழுகுவர்த்தியால் என்றார்கள்.

ஆனால் பெயர் நின்றுவிட்டது. ஜன்னிக்காரன். புதிய வீடு வந்து, நாம் கடியப்பட்டணத்துக்கே திரும்பி, கொட்டகைகளைப் பிரித்த பிறகும் பெயரைப் பிரிக்க முடியவில்லை. தென்னையில் ஏறக்கூடாது. கிணற்றுப் பக்கம் போகக்கூடாது. முக்கியமாக, கடல். மூன்று தலைமுறையாகக் கடல்தொழிலுக்குப் போகிற வீட்டில் ஒரே ஆண்பிள்ளை, வள்ளத்தில் கால் வைக்கக்கூடாது. அவன் ஒன்பதாம் வகுப்பு வரை வந்துவிட்டான். இன்னும் வள்ளம் கரையேறும்போது கயிறு பிடிக்க மட்டும் விடுவார்கள், அதுவும் முழங்கால் தண்ணீர் வரை. அதைத் தாண்டினால் அம்மா கரையிலிருந்து கூப்பிடுவாள். அவன் கூட்டாளிகள் சிரிப்பார்கள். அவன் திரும்பி வருவான்.

நான் படித்தேன், பட்டம் வாங்கினேன், கல்யாணமாகிக் கொட்டாரம் ஊருக்குப் போனேன். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். இந்த மாதம் அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் மகளின் விரலிடுக்கில் கொப்புளத்தைப் பார்த்தேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். குழந்தை டாக்டரம்மா பார்த்து, "பயப்படாதீங்க, சிரங்குதான். இப்ப நல்ல கிரீம் இருக்கு, இந்த வயசுக்குப் போடலாம்" என்றார்.

நான் கேள்வி கேட்கத் தொடங்கினேன். எவ்வளவு நேரம்? குளித்தபிறகா, முன்னா? எண்ணெய் தடவலாமா? நான் பூசிக்கொண்டால் பால் கொடுக்கலாமா? அரிப்பு நிற்காவிட்டால்? டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஆறாவது கேள்விக்குப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "யாருக்கு என்ன ஆச்சு?"

சொல்லிவிட்டேன். எண்ணெயையும் சொன்னேன், மூன்று நாளையும் சொன்னேன்.

அவர் சொன்னார்: "அது பழைய மருந்து. சரியாப் போட்டா வேலை செய்யும். எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கோம். எண்ணெயோட, சூட்டோட, சின்னப் பிள்ளைக்குத் திரும்பத் திரும்பப் போட்டா வலிப்பு வரலாம். அதுதான்னு இப்ப என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அன்னைக்கு யாராவது சொல்லியிருந்தா, டாக்டர் அத்தனை வருஷம் சிரப் கொடுத்திருப்பாரான்னு தெரியல. பையனக் கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பி வாசற்படியில் உட்கார்ந்து கிழிந்த வலையைக் கோத்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்கும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

சொல்லி முடித்ததும் அம்மா திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மீன் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"நீயா மக்கா?" என்றாள்.

"நாந்தான்மா."

"நா நெனச்சேன், நானாக்கும்னு." அவள் குரல் சின்னதாக வந்தது. "நா வெள்ள மருந்து போட்ட அண்ணைக்கு எட்டு மணி நேரம் அவன் பசில அலறுனான். பாலப் பிழிஞ்சு ஸ்பூன்ல குடுத்துப் பாத்தேன், குடிக்கேல. உடம்பு பூரா மருந்தோட எடுத்து மாருல போட்டேன். ஜன்னி வந்தப்ப அவனுக்க தலையில அந்த மணம் இருந்துது. நா மோந்தேன். எனக்க பாலாலதான்னு முடிவே பண்ணிட்டேன். டாக்டர்ட்ட சொன்னா, பெத்தவளே விஷம் குடுத்தான்னு எழுதிருவாரோன்னு..."

பதினாலு வருடம். என் கல்யாணம்வரை ஒரே வீட்டில், ஒரே பானையில் சோறு தின்றுகொண்டு, ஒரே பயத்தை இரண்டு பேரும் தனித்தனியாக வைத்திருந்திருக்கிறோம். ஆஸ்பத்திரிச் சுவரில் நான் அட்டவணை படித்துக்கொண்டிருந்தபோது அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எது காரணம்? என் எண்ணெயா, அவள் பாலா, இரண்டுமா? இனி யாரும் சொல்ல முடியாது.

தம்பி ஊசியை வலையில் குத்தி நிறுத்தினான்.

"அப்பம் எனக்கு நோயே இல்லியா?"

"தெரியாதுல மக்கா. டாக்டரம்மா பாக்கணும்னு சொன்னாவ. நாளைக்குப் போவோம்" என்றேன். "இந்தத் தடவ எல்லாத்தையும் நா சொல்லுகேன்."

"நோய் இல்லைன்னு அவிய சொன்னா, அப்பாக்கூட வள்ளத்துல போவட்டா?"

அவன் என்னைக் கேட்கவில்லை. அம்மாவைக் கேட்டான். அம்மா வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பழகிய வாய். அந்தச் சொல் வரவில்லை. கழுவிய சாளையை மறுபடி கழுவினாள்.

மகள் அழ ஆரம்பித்தாள். நான் அவளை மடியில் போட்டு, உடம்பில் ஈரமில்லை, சூடில்லை, எண்ணெயில்லை என்று மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். பிறகு கிரீமை விரலிடுக்கில் தொடங்கி உடம்பு முழுவதும் தடவினேன். அம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள், தொடவில்லை. தம்பி எழுந்து உள்ளே வந்தான். சுவர்க் கடிகாரத்தின் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"எத்தன மணி நேரம்?"

"எட்டு."

அவன் விரல் விட்டு எண்ணினான். "அப்பம் சாயங்காலம் ஆறு மணிக்குக் கழுவணும். நா இருந்து பாத்துச் சொல்லுகேன்" என்றான். "நீங்க ரெண்டுபேரும் சொல்ல மாட்டிய."